இரண்டரைக் கட்டை

டெஸ்மண்ட் ஈரோட்டுப் பக்கம்
ஒரு கல்யாண ஆர்கெஸ்ட்ராவுக்குப் போய்விட்டான்.
முகூர்த்தத்துக்கு ஆறாயிரம், பிரியாணி தனி.
யாரும் அவனைக் குறை சொல்லவில்லை.
ஆறு வருடத்தில் நாங்கள் பங்கு போட்டுக்கொண்டது
பெரும்பாலும் பெட்ரோல் செலவு.

ஆத்தூர் சாலையில் மூடிப்போன சேகோ மில்
எங்கள் ஒத்திகைக் கூடம்.
புளித்த மாவின் வாடை
ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் ஏறியிருந்தது.
துளசிராம் பேஸ் கிடாரின் தந்தியைத் துடைத்தபடி சொன்னான்:
"பாட்டு உன்னுது. வாயும் உன்னுதாவே இருக்கட்டும்."
நவநீதம் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து
ஒரே ஒரு தட்டு தட்டினாள்.
தீர்ப்பு.

பதினோரு பாட்டும் அவன் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்தவை.
ஐந்து கட்டையில் நின்று கூரையைப் பிய்ப்பான்.
எனக்கு இரண்டரை.
அதற்கு மேலே போனால்
ஐந்து ரோட்டில் பிரேக் போட்ட லாரி.
சுருதியை இறக்கினேன், கார்டுகள் இடம் மாறின.
வாய் பிடித்துக்கொண்டதும் கை விட்டது.

இன்னொன்றை யாரிடமும் சொன்னதில்லை.
முதல் வருடம், அஸ்தம்பட்டியில் ஒரு கல்லூரி மேடை.
நாக்கை உள்ளே மடித்துச் சொல்ல வேண்டிய அந்த ஒரு ஒலி
டெஸ்மண்டுக்கு வரவில்லை.
முன்வரிசையில் ஒருவன் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினான்.
வரிசையே சிரித்தது.
வீட்டில் இங்கிலீஷ் பேசி ஏற்காட்டில் வளர்ந்தவன்
மூன்று நாள் போன் எடுக்கவில்லை.
அன்றிலிருந்து நான் கட்டிய எந்தப் பாட்டிலும்
அந்த ஒலி கிடையாது.
வானத்திலிருந்து வருவதைச் சாரல் என்றேன், தூறல் என்றேன்.
கண்ணிலிருந்து வருவதை
உப்பு என்று ஒப்பேற்றினேன்.
வீட்டில் ஒரு அறையைப் பூட்டிவிட்டு
வாசனை வராதது போல மற்ற அறைகளில் நடமாடினேன்.

ஈரோடு பஸ் ஏறும்போது சொன்னான்:
"எனக்குத் தெரியும்டா.
இனிமே உனக்கு வேணுங்கற வார்த்தையெல்லாம் போட்டுக்க."
பஸ் நகர்ந்துவிட்டது.
பாக்கிச் சில்லறைக்கு நிற்பவன் மாதிரி நின்றேன்.

டிசம்பர் கடைசி ராத்திரி. அவன் ஊர், அவன் இல்லாமல்.
குட்டி யானையின் பின்னால் ஸ்பீக்கரோடு ஸ்பீக்கராக
வளைவுக்கு ஒரு வரி பாடிப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.
பதினான்காவது கொண்டை ஊசியில் காது அடைத்தது.
அதற்கப்புறம் யார் பாடியது என்று தெரியாது.

ஏரிக்கரை ஓட்டலின் புல்வெளி. ஈரப் பலகை.
மைக் ஸ்டாண்டு அவன் உயரத்திலேயே
துருப்பிடித்து இறுகியிருந்தது.
மோவாயைத் தூக்கினால்தான் எட்டும்.
பனிக்குள் யாரையோ தேடுகிறவன் போல நின்றேன்.
முதல் பாட்டு போச்சு.
இரண்டாவதில் வார்த்தை இருந்தது, கை இல்லை.
மூன்றாவதின் நடுவே
சாரல் வர வேண்டிய இடத்தில்
மழை என்றேன்.

சாரலைவிட அது குட்டைச் சொல்.
தாளத்தில் அரை அட்சரம் காலியாக நின்றது.
நவநீதம் நிமிர்ந்து பார்த்தாள்,
அந்தப் பள்ளத்தில் ஓர் அடியை வைத்து மூடினாள்.
பின்குரலில் துளசிராம் "மளை" என்றான்.
அவனுக்கும் வராதாம்!
ஆறு வருடம் பக்கத்தில் நின்றும்
கேட்க ஒரு வார்த்தை வாய்க்கவில்லை.
அடுத்த சுற்றில் நான் மழை, அவன் மளை,
இரண்டும் ஒரே ஸ்பீக்கரில் நனைந்தன.
யாரும் சிரிக்கவில்லை.
கேக் வெட்டும் அவசரத்தில்
யார் காதிலும் விழவில்லையோ என்னவோ.

இறங்கும் வழியில் தொண்டை கட்டிக்கொண்டது.
கிழங்கு. புழுதி. தாழ்ப்பாள். அழுகை.
முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.
"சாமி கும்பிடறீங்களா?" என்றார் டிரைவர்.
அடிவாரத்தில் சிக்னல் வந்ததும்
டெஸ்மண்டுக்கு, பாடிட்டேன் என்று மட்டும் எழுதினேன்.

கல்யாண வீட்டில் விழித்திருந்தான் போல.
மூன்று மணிக்குப் பதில் வந்தது:
எத்தனை கட்டை?